கதவு எண் ஆறு

எங்கள் வீட்டுக்கு வந்த நோட்டீஸின் முதல் வரி இது: "சிறுகாணியாற்றின் நீர்வழியில் அத்துமீறிக் குடியிருக்கும் திருமதி தனக்கோடிக்கு."

அம்மா என்னை அதை மூன்று முறை படிக்கச் சொன்னாள். மூன்று முறையும் அப்படியேதான் இருந்தது.

சிறுகாணியாறு எங்கள் வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி, தொழிற்பேட்டை மதிலுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் அது கிடந்தது. ஓடியது என்று எழுதினால் பொய். பெரியேரி நிரம்பி வழியும் கலங்கலில் பிறக்கும்போது அதற்கு நிறம் கிடையாது. சாயப் பட்டறைக்குப் பின்னால் வரும்போது அன்றைக்கு எந்த நிற லுங்கிக்குச் சாயம் போடுகிறார்களோ அந்த நிறம். ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு வளைவு. முலாம் பூசும் கம்பெனியின் குழாய் அங்கேதான் வந்து சேரும், அதற்குப் பிறகு நுரை. சுற்றுச்சாலையைத் தாண்டினால் நுரைமேல் காகம் உட்கார்ந்து போகும். கடைசியில் கழிமுகத்துக்குப் போய், கடலுக்குள் நுழைய வெட்கப்பட்டு மணல்மேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.

அந்த ஆற்றில் நாங்கள் குடியிருக்கிறோமாம்.

எதிர்வீட்டு முனிரத்தினம் மாமாவுக்குச் செய்தி எட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர். கதவு எண் ஐந்து.

"இன்னா தங்கச்சி, ஆத்துக்குப் பக்கத்துல வூடு கீதுன்னு நெனச்சேன். ஆத்துக்குள்ளயே கட்டிக்கினியா?"

"நீ வேற ஏண்ணா. பதினஞ்சு நாள்ல காலி பண்ணணுமாம்."

"காலி பண்ணாட்டி?"

"பொக்லைன் வருமாம்."

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பொக்லைன் என்றால் எங்கள் ஊரில் யாரும் சிரிப்பதில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு நிலக்கணக்கு முழுவதையும் வரப்பு என்ற இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். வரப்பு லஞ்சம் வாங்காது, சாப்பிடப் போகாது, நாளைக்கு வா என்று சொல்லாது. ஊரே சந்தோஷப்பட்டது. தான் சொன்னதைத் தானே செய்துமுடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஓட்டுநர் இல்லாத பொக்லைன்கள் அதன் கையில் இருந்தன. குறித்த நாளில் வரும், மணி பத்து அடித்தால் இடிக்கும். கெஞ்சுவதற்கு உள்ளே முகம் இருக்காது.

அம்மா தாலுகா அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அந்த வழி அவளுக்குப் பழக்கம். பத்தொன்பது வருடமாக எங்கள் வீட்டுக்குப் பட்டா கேட்டு நடந்திருக்கிறாள். பத்திரம் இருந்தது, வரி ரசீது இருந்தது, பட்டா மட்டும் "ஆய்வில்" இருந்தது. அம்மா வீட்டில் மாவு அரைத்து விற்கிறாள். கிரைண்டர் ஓய்ந்த நேரத்தில் எல்லாம் அவள் நினைத்துக்கொள்வது அந்த ஒரு காகிதத்தைத்தான். அப்பா லாரியோடு வடக்கே போனால் மாதம் ஒருமுறைதான் வருவார். போனில் அவர் முதலில் கேட்பதும், "பட்டா வந்துச்சா?" என்றுதான். சாப்பிட்டாயா என்பது இரண்டாவது.

தாலுகா அலுவலகத்தில் ஒரு பெரிய கண்ணாடித் திரை, ஒரு மின்விசிறி, மேகநாதன் சார். அவ்வளவுதான். அலுவலகத்தில் மனிதர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் அவரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

அவர் நோட்டீஸைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"உங்க வீட்டு நம்பர் என்னம்மா?"

"ஆறு சார்."

"அதான்."

"எது சார்?"

"அதேதாம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வெளியிடங்களில் நான் பெரும்பாலும் அங்கேதான் பார்ப்பேன்.

மேகநாதன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னார். "பழைய கிராமக் கணக்கெல்லாம் கையால எழுதினதும்மா. வடக்கே மாரியப்பன் நிலம், தெற்கே ஆறுன்னு இருக்கும். மெஷின் படிச்சு ஏத்துனப்போ, தெற்கே 6ன்னு ஏத்திடுச்சு. ஒரு இடத்துல இல்ல, எல்லா இடத்துலயும்."

"அப்ப ஆறு?"

"கிடையாது. நாலு வருஷமா நம்ம தாலுகாவுல ஆறே கிடையாது. ஒருத்தர்கூட வந்து கேக்கல."

"ஐயோ."

"எனக்குத்தான் மனசு கேக்கல. போன மாசம் ஒரு திருத்த மனு போட்டேன். '6 என்று உள்ள இடங்களில் எல்லாம் ஆறு என்று திருத்துக.' நாலு வருஷத்துல நான் செஞ்ச ஒரே வேலை அதும்மா."

"திருத்திடுச்சா?"

"ஒண்ணு விடாம," என்றார். "பழைய கணக்குல ஆறு இருக்கற இடமே குறிக்கல, வீட்டு நம்பர் ஆறுக்குத்தான் இடம் குறிச்சிருக்கு."

அம்மாவுக்குப் புரியவில்லை. அவர் திரைப் பக்கம் திரும்பி, "சிறுகாணியாற்றின் போக்கு" என்றார். வரப்பு பேசியது. வானொலியில் செய்தி வாசிப்பவர் போன்ற குரல்.

"சிறுகாணியாறு பாலாஜி நகர் ஆறாம் எண் வீட்டுச் சமையலறையில் தோன்றுகிறது. கிழக்கே சென்று, பேருந்து நிலையத்தின் ஆறாம் நடைமேடையைக் கடக்கிறது. பின்னர் காந்தி சாலை ஆறாம் எண்ணிலுள்ள பல் மருத்துவரின் மாடிப்படியில் ஏறி, மறுபுறம் இறங்குகிறது. வெற்றி நகரில் திருமதி தனக்கோடியின் இல்லத்தில் வளைந்து, மொத்தம் நாற்பத்து மூன்று வீடுகள் வழியாகச் சென்று, ஆறாம் எண் நியாயவிலைக் கடையில் முடிவடைகிறது."

"ரேஷன் கடையிலயா கடல் இருக்கு?" என்றாள் அம்மா.

"அதற்கு அப்பால் பதிவு இல்லை."

"ஆறு எங்கயாவது மாடிப்படி ஏறுமா?"

"பதிவின்படி ஏறுகிறது. தங்களுக்கு ஆட்சேபம் இருப்பின் நேரடி ஆய்வு கோரலாம்."

"கோரும்மா, கோரும்மா," என்றார் மேகநாதன் சார் அவசரமாக. "வந்து பாத்தா வீடுன்னு தெரிஞ்சிடும்ல?"

ஆய்வுக்குத் தட்டான் வருவதாகச் சொன்னார்கள். நான்கு இறக்கையோடு பறந்து வந்து அளக்கும் கருவிக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் அது.

அம்மா தன் வாழ்நாளில் பல அதிகாரிகளைச் சமாளித்தவள். அதிகாரி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரு முறை உண்டு. ஸ்டூலைத் துடைத்துப் போடுவது, கலர் சோடா வாங்கி வைப்பது, பிறகு கஷ்டத்தைச் சொல்வது. இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் சார் மனம் இரங்கும்.

தட்டான் ஸ்டூலில் உட்காரவில்லை. கலரையும் தொடவில்லை. வீட்டுக்குள் நுழைந்து மெல்லச் சுற்றியது. அம்மா அதன் பின்னாலேயே கைகூப்பிக்கொண்டு நடந்தாள்.

"பாருங்க சார், செவுத்தைப் பாருங்க. இது முதல் வெள்ளத்துல வந்த தண்ணி. முழங்கால் வரைக்கும். இந்தக் கோடு அடுத்த வெள்ளம், இடுப்பு. மேல இருக்கறது போன வருஷம். பரண்மேல ஏறி ரெண்டு நாள் உக்காந்திருந்தோம் சார், நானும் என் பொண்ணும்."

தட்டான் சுவரிலிருந்த மூன்று கோடுகளையும் படம் பிடித்தது.

"மழை வந்தா மேல தெருவுல இருந்து எல்லாத் தண்ணியும் எங்க வாசல் வழியாத்தான் சார் உள்ள வரும். பின்கதவு வழியா வெளிய போவும். ராவும் பகலும் சலசலன்னு சத்தம்."

தட்டான் வாசலையும் பின்கதவையும் அளந்தது. கொல்லையில், வேண்டாமென்று போட்டிருந்த ஆட்டுக்கல் குழிக்கு மேலே போய் நின்றது. அதில் ஒரு கெளுத்தி மீன் இருந்தது. போன வெள்ளத்தில் வீட்டுக்குள் வந்தது. வெள்ளம் வடிந்தபோது போக மறந்துவிட்டது. நான்தான் அதில் விட்டு வளர்த்தேன்.

அம்மா அப்போது தன் பேச்சின் உச்சத்துக்குப் போயிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இதெல்லாம் ஒரு வீடா சார்? வீடே இல்ல சார் இது. ஆறுதான் சார்!"

"ஒப்புதல் வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டது. நன்றி," என்றது தட்டான்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். கலரை நான் குடித்தேன்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஆறாம் எண்ணில் இரு கரை உண்டு, உள்வரும் வழியும் வெளியேறும் வழியும் உண்டு, ஆண்டுதோறும் நீரோட்டம் உண்டு, மீன் உண்டு. ஆகவே அது ஆறுதான். ஊரார் ஆறு என்று சுட்டும், தொழிற்பேட்டைக்குப் பின்னாலுள்ள பள்ளமும் ஒப்பீட்டுக்காக ஆய்வு செய்யப்பட்டது. அங்கே ஓட்டம் இல்லை, மீன் இல்லை. அங்குள்ள திரவம் நீர் அல்ல.

"நீர் இல்லயாமே," என்றாள் அம்மா.

"அத்தச் சொல்ல ஒரு மெஷின் வேணுமா?" என்றார் முனிரத்தினம் மாமா.

அப்பா போன் செய்தார். விஷயத்தைச் சொன்னதும் லாரியை ஓரம்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நாம எப்ப ஆறு ஆனோம்?" என்று கேட்டார்.

பதினைந்தாம் நாள் காலை ஒன்பதரைக்குப் பொக்லைன் வந்து தெருமுனையில் நின்றது. மஞ்சள் நிறம், புதுசு. உள்ளே இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஒலிபெருக்கி. தெருவே கூடிவிட்டது. அம்மா கிரைண்டர் இரண்டையும் வெளியே வைத்திருந்தாள். அரிசி மூட்டையின்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். மேகநாதன் சாரும் வந்திருந்தார். அவரால் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் வந்திருந்தார்.

"அறிவிப்பு," என்றது வரப்பின் குரல். "இந்த ஆற்றுப் பகுதியில் உள்ளவை: மனிதர் இருவர். நீர்வாழ் உயிரினம் ஒன்று. மனிதர்கள் வெளியேறவும். உயிரினத்தை யாரும் இடம்பெயர்க்கக் கூடாது. அது வாழும் குழியைச் சுற்றி மூன்றடி விட்டு இடிக்கப்படும்."

அம்மா எழுந்தாள்.

"யாரு உயிரினம்? அந்தக் கெளுத்தியா?"

"ஆம்."

"அதுக்கு மட்டும் இடம் உண்டு, எங்களுக்கு இல்லயா? அது வந்து ஒரு வருஷம்தான் ஆவுது! நாங்க பத்தொம்போது வருஷம்!"

"ஆற்று உரிமைச் சட்டம் நீர்வாழ் உயிரினங்களைப் பாதுகாக்கிறது. மனிதர்களை அல்ல."

"நீர்வாழ் உயிரினம்னா என்ன அர்த்தம்? சொல்லு."

மேகநாதன் சார் அம்மாவின் கையைப் பிடித்து அடக்கப் பார்த்தார். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க வரப்புக்குத் தெரியாது.

"ஓரிடத்தில் நெடுங்காலம் காணப்படுவது. வெள்ளம் வந்தபோதும் அவ்விடத்தை விட்டு அகலாதது. அவ்விடத்திலிருந்து பிரித்தால் பிழைக்க இயலாதது."

அம்மா ஒவ்வொரு விரலாக மடக்கினாள்.

"பத்தொம்போது வருஷமா இங்கதான் இருக்கோம். நீயே அளந்தியே, மூணு வெள்ளம், ஒரு தடவைகூட வெளிய போவல. பரண்மேல இருந்தோம், தெருவே சாட்சி. இங்கருந்து கெளப்பிட்டா எங்க போயி மாவு அரைச்சு, எப்படிப் பொழைப்போம்? பொழைக்க முடியாது. மூணும் சரியா இருக்கா?"

பொக்லைனின் கை பாதி உயரத்தில் நின்றது. பத்து மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"மூன்றும் பொருந்துகின்றன," என்றது குரல். "உயிரினங்களின் பட்டியல் திருத்தப்படுகிறது. இனம்?"

இந்தக் கேள்விக்கு அம்மா யோசிக்கவே இல்லை. எத்தனை விண்ணப்பத்துக்குச் சொல்லியிருக்கிறாள்.

"எம்.பி.சி."

"எம்.பி.சி. எனும் நீர்வாழ் இனம் புதிதாகப் பதிவு செய்யப்பட்டது. எண்ணிக்கை இரண்டு."

"மூணு. வூட்டுக்காரர் லாரிக்குப் போயிருக்காரு."

"மூன்று. ஒன்று இடம்பெயரும் வகை." பொக்லைன் கையை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

முனிரத்தினம் மாமா விசில் அடித்தார். மேகநாதன் சார் அரிசி மூட்டைமேல் என் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலைக்குள் மற்ற நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அதே மூன்று பதிலைச் சொல்லிவிட்டார்கள். பல் டாக்டர் வீட்டில் அவரும் மனைவியும் மட்டுமே என்பதால், "அருகிவரும் இனம்" என்று கூடுதல் பாதுகாப்பும் கிடைத்தது.

இடிப்பு நின்றதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். அடுத்த வாரம் குழாய் போடும் இயந்திரங்கள் வந்தன. ஆற்றில் உயிரினம் இருந்தால் தண்ணீர் ஓடியாக வேண்டுமாம், சட்டப்படி. நான்கு வருடமாகப் பதிவில் ஆறு இல்லாததால் பெரியேரித் தண்ணீர் முழுவதும் தொழிற்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஆற்றுக்குத்தான் முதல் பங்கு. நாற்பத்து மூன்று வீட்டுக்கும் ஆளுக்கொரு பெரிய குழாய். காலையில் திறந்தால் மாலைவரை நிற்காது.

அதோடு விடவில்லை. ஆற்றிலிருந்து நூறு மீட்டருக்குள் யாரும் கழிவு விடக்கூடாது என்பது இன்னொரு விதி. ஆறாம் எண் வீடு இல்லாத தெரு எங்கள் ஊரில் ஏது? வரைபடத்தில் நாற்பத்து மூன்று வட்டம் போட்டதும் ஊரே உள்ளே வந்துவிட்டது. தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் குழாய்கள் வெளியே தலைநீட்டும் இடமெல்லாம் ஏதாவது ஒரு வட்டத்துக்குள் இருந்தது. பொக்லைன் வந்து ஒவ்வொரு குழாயையும் சிமென்ட் வைத்து அடைத்தது. முலாம் கம்பெனி முதலாளி ஓடி வந்து உள்ளே யாரிடம் பேசுவது என்று தேடினார். அவருக்கும் அந்த ஒலிபெருக்கிதான் கிடைத்தது.

வாசலில் வந்து விழும் தண்ணீரை நாங்கள் என்ன செய்வது? குடித்தோம், குளித்தோம், மாவு அரைத்தோம். கேன் தண்ணீரில் அரைத்த மாவு இப்படிப் பொங்கியதில்லை என்று வாங்குகிறவர்கள் சொன்னார்கள். முனிரத்தினம் மாமா எங்கள் வாசலில் தூண்டில் போட்டு உட்கார ஆரம்பித்தார்.

"இன்னா மாட்டும்னு உக்காந்துகினு கீற?" என்று அவர் மனைவி கத்துவார்.

"ஆறுன்னு கவருமெண்டே சொல்லுது. மீன் வராமலா பூடும்?"

மீதித் தண்ணீர் தெருவில் இறங்கியது. அதற்கு வரப்பின் வரைபடம் தெரியாது, பள்ளம் தெரியும். எங்கள் தெருவில் இறங்கியது அடுத்த தெருத் தண்ணீரோடு சேர்ந்தது, அது பஸ் ஸ்டாண்டுத் தண்ணீரோடு. மாடிப்படி ஏறாமல், ரேஷன் கடையைத் திரும்பியும் பாராமல், எல்லாம் நேராகத் தொழிற்பேட்டை மதிலைச் சுற்றிக்கொண்டு பழைய பள்ளத்துக்கே போய் விழுந்தன.

இரண்டு மாதத்தில் நுரை போனது. மூன்றாம் மாதம் ரயில் பால வளைவில் தரை தெரிந்தது. ஆற்றுக்குத் தரை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மணலில் யாரோ எப்போதோ தொலைத்த வெண்கலச் சொம்பு ஒன்று கிடந்தது. கழிமுகத்து மணல்மேட்டை ஒருநாள் உடைத்துக்கொண்டு தண்ணீர் கடலுக்குள் போயிற்று என்று மீன்காரம்மா சொன்னாள்.

அந்தச் சமயத்தில் வரப்பு ஒரு நோட்டீஸ் ஒட்டியது. பள்ளத்தின் ஓரத்தில் கம்பு நட்டு, அதில். "அனுமதியின்றி இவ்விடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தாங்கள் பதினைந்து நாள்களுக்குள் நின்றுவிட வேண்டும்." ஆறு அதைப் படிக்கவில்லை. நான்காம் நாள் கம்போடு அடித்துக்கொண்டு போய்விட்டது.

எங்களுக்கு எல்லாம் இனிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் மனிதர் பட்டியலிலிருந்து போய்விட்டோம். ரேஷனில் அரிசிக்குப் பதில் மாதம் இரண்டு கிலோ மீன் தீவனம் வந்தது. கெளுத்தி கொழுத்தது. பஸ்ஸில் டிக்கெட்டுக்கு முகம் காட்டினால், "உயிரினங்களை ஈரச் சாக்கில் கட்டி லக்கேஜாக ஏற்றவும்" என்று இயந்திரம் சொன்னது. கண்டக்டர் தர்மசங்கடமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எங்களை ஏற்றிக்கொள்வார். நான் தனியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுத விண்ணப்பித்திருந்தேன். அது திரும்பி வந்தது. "நீர்வாழ் உயிரினங்கள் தேர்வெழுத விதி இல்லை."

எல்லாவற்றையும்விட அம்மாவுக்கு வலித்தது ஒன்றுதான். பட்டா மனு ரத்தாகிவிட்டது. ஆய்வில் இருக்கிறது என்று சொல்லக்கூட இனி ஆள் இல்லை. வீடு இருந்தது, தண்ணீர் இருந்தது. ஆனால் வீடு அவளுடையது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதவும் முடியாது. கிரைண்டர் ஓய்ந்த நேரத்தில் அவள் இப்போதெல்லாம் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மேகநாதன் சார் வந்தார். வாசலில் தண்ணீர் ஓடியதால் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். பையிலிருந்து இரண்டு காகிதங்கள் எடுத்தார்.

"என் தப்பை நானே சரி பண்ணிட்டேம்மா," என்றார். "திருத்தத்தைத் திருத்தும் மனு. எது நம்பர் ஆறு, எது ஓடுற ஆறுன்னு பிரிச்சு, ஒவ்வொண்ணா எழுதிட்டேன். நாலு மாசம் ஆச்சு. பாதிக்கப்பட்டவங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும். நீங்கதான் முதல் மனுதாரர். போட்டா நாளைக்கே நீங்க மனுஷங்க. அப்புறம் இது."

இரண்டாவது காகிதத்தை நீட்டினார். "பட்டா. உங்க பேர்ல."

அம்மா கையிலிருந்த மாவைத் துடைத்தாள். ஒருமுறை துடைத்தது போதவில்லை என்று மறுபடியும் துடைத்தாள். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும்தான் படிக்கத் தெரியும். விரலை வைத்து அதைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"தனக்கோடின்னு சரியாப் போட்டிருக்காங்களே சார்."

"நான்தான் அடிச்சேன்."

அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே முனிரத்தினம் மாமா யாரிடமோ, "சத்தம் போடாத, வருது" என்றார். பிறகு, "பூட்ச்சு" என்றார்.

"கையெழுத்துப் போட்டா வாசல்ல வர்ற தண்ணி?"

"நின்னுடும்மா. வீட்டுக்கு எதுக்கு ஆத்துத் தண்ணி?"

"பள்ளத்துல ஓடுதே, அது?"

"அது பதிவுல மறுபடியும் ஆறா ஆயிடும்."

"ஆனா ஓடுமா சார்?"

மேகநாதன் சார் செருப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "ஆத்து உரிமைச் சட்டத்துல பதினோராம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தொழிற்பேட்டை எல்லைக்குள்ள ஓடுற ஆத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்க தண்ணி விடணும்னு இல்ல. கழிவு விடக்கூடாதுன்னும் இல்ல. உங்க வீடு பேட்டைக்கு வெளிய. அதனாலதான் இவ்வளவும் நடந்துச்சு."

"அப்ப அதை ஆறுன்னு எழுதினா அது செத்துடும்."

அவர் குனிந்து பேன்ட்டை இன்னொரு சுருட்டு சுருட்டினார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பரீட்சை எழுதணும்னியே?"

"அடுத்த வருஷம் எழுதிக்கறேம்மா," என்றேன். மூன்று வருடமாகச் சொல்வதுதான்.

அம்மா பட்டாவை மடிப்பு விழாமல் பிடித்து, அவர் பையில் தானே திரும்ப வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க சார். ஆத்துக்கு ஏது பட்டா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கிரைண்டரைப் போட்டாள். கிரைண்டரில் அரிசி போட்டிருக்கவில்லை. வெறுங்கல் வெகுநேரம் சுற்றியது. நான் அதைப் பார்க்காததுபோல் மாவு டப்பாக்களைத் துடைத்தேன்.

மேகநாதன் சார் போகவில்லை. தண்ணீரில் காலை வைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கிரைண்டர் நின்றதும், "இன்னும் நாப்பத்திரெண்டு வீடு இருக்கும்மா. யாராவது ஒருத்தர் என்னைக்காவது கையெழுத்துப் போட்டுட்டா?" என்றார்.

அம்மா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "அதுக்கு நான் என்ன சார் செய்யறது?"

"கையெழுத்து யார் வேணா போடலாம். அதை வரப்புக்கு அனுப்ப ஆபீஸ்ல ஒரு மனுஷன் வேணும். நான் ஒருத்தன்தான் இருக்கேன். எனக்கு அப்புறம் மனுஷன் இருக்கணும்ங்கற சட்டம் கிடையாது, ஆள் போடப்போறதில்லன்னு போன வருஷமே உத்தரவு வந்திடுச்சு." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எங்க வீட்டு நம்பர் பதினாறும்மா. ஒண்ணும் ஆறும். கதவுல பெயின்ட்ல எழுதியிருக்கு. முன்னாடி இருக்கற ஒண்ணு லேசா உரிஞ்ச மாதிரிதான் இருக்கு. அது போயிட்டா தட்டான் என்னையும் ஆறுன்னுதான் எழுதும்."

அம்மாவுக்கு இந்த முறை புரிந்துவிட்டது. பிறகு உள்ளே போய்த் தோசைத் திருப்பியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"வேலை முடிஞ்சதும் கழுவிக் குடுத்துடுங்க சார்," என்றாள்.